ஈஸ்டர் முட்டையும் ஒரு கரண்டி வினிகரும்

ஈஸ்டர் திருநாளுக்கு முந்தைய வாரத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலோ ஜெர்மனியின் துரிங்கியாவிலோ, குழந்தைகள் உள்ள ஒரு வீட்டின் சமையலறைக்குள் எட்டிப் பார்ப்போமானால், மேஜையின்மேல் வரிசையாக வைத்த கோப்பைகளில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகச் சாயநீர் நிறைந்திருப்பதையும், அவித்த முட்டைகளைக் கம்பிக் கரண்டியில் ஏந்தி அந்நீரில் இறக்குவதும் எடுப்பதுமாகச் சிறுவர் சிறுமியர் விரல்களெல்லாம் வர்ணமாய் உட்கார்ந்திருப்பதையும் காணலாம். அவித்துச் சாயமேற்றிய முட்டைகள் கூடைக்குப் போகும். பச்சைக் காகிதத்தை நூல் நூலாக நறுக்கிப் பரப்பி, அதன்மேல் முட்டைகளையும் சாக்லேட் முயலையும் மிட்டாய்களையும் அடுக்கி, ஞாயிறு விடிந்ததும் குழந்தை தேடிக் கண்டெடுக்கும்படி ஓரிடத்தில் மறைத்து வைப்பார்கள். இரு முனைகளிலும் துளையிட்டுக் கருவை ஊதி வெளியேற்றிய வெற்றோடுகளோ குழந்தையின் படுக்கையறைக்குப் போகும். சன்னலுக்குக் குறுக்கே கட்டிய நூலிலும், ஜாடியில் நிறுத்திய மொட்டுக் கிளைகளிலும் அவை சில வாரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். துரிங்கியாவின் சால்ஃபெல்ட் நகரத்தில் ஒரு குடும்பத்தார் தங்கள் தோட்டத்து ஆப்பிள் மரத்தில் 1965-ஆம் ஆண்டு 18 முட்டைகளைத் தொங்கவிட்டு ஆரம்பித்த அலங்காரம், 2012-க்குள் 10,000 முட்டைகளாகப் பெருகியது என்றால், இந்தச் சம்பிரதாயத்தில் அந்நாட்டாருக்குள்ள ஈடுபாட்டை ஊகித்துக் கொள்ளலாம்.

இந்த இன்பமான அமளியின் நடுவில் ஒரு சிறு புதிர் ஆண்டுதோறும் வந்து போகிறது. சாயப் புட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் செய்முறை, அரைக் கோப்பை வெந்நீரும் 10 முதல் 20 சொட்டு உணவு வர்ணமும் போதுமென்று விட்டுவிடாமல், ஒரு தேக்கரண்டி வினிகரும் சேர்க்கச் சொல்லுகிறது. வினிகருக்கு நிறமில்லை; அது தண்ணீரில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் அசெட்டிக் அமிலம் கலந்த ஒரு திரவம், அவ்வளவே. ஆயினும் அதை விட்டுவிட்டு முட்டையை நனைப்பவருக்குக் கிடைப்பது வெளிறியும் திட்டுத் திட்டாகவும் தெரியும் ஒரு மங்கல் நிறம். சேர்த்தவருக்கோ ஐந்து நிமிஷத்தில் கண்ணைப் பறிக்கும் வர்ணம். நிறமில்லாத அந்தப் புளிப்பு நீர் நிறத்துக்கு என்ன உபகாரம் செய்கிறது என்று குழந்தை கேட்டால், பெரும்பாலான பெற்றோர்கள் ஒரு பதிலைச் சொல்லுகிறார்கள். அந்தப் பதில் பாதிக்குமேல் தவறு என்பதுதான் இக்கட்டுரைக்கு விஷயம்.

ரசாயனத்துக்குள் இறங்குமுன், முட்டை இந்தத் திருநாளுக்குள் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தின் நாற்பது நாட்களிலும் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. திருச்சபையின் இந்த விதியைக் கோழிகள் அறியாதவை ஆகையால் அவை வழக்கம்போல் இட்டுக்கொண்டே போக, நோன்பு முடியும் நாளில் வீடுதோறும் முட்டைகள் குவிந்து கிடந்தன. இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், 1290-ஆம் ஆண்டு ஈஸ்டருக்கென 450 முட்டைகள் வாங்கி அலங்கரித்துப் பரிவாரத்தாருக்கு வழங்க 18 பென்ஸ் செலவானதாகக் குறிப்பு இருக்கிறது. முட்டையைக் கொண்டுவந்து போடுவது ஒரு முயல் என்ற வேடிக்கையான நம்பிக்கையை, கியோர்க் ஃபிராங்க் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1682-இல், ஈஸ்டர் முட்டைகளைப் பற்றி லத்தீனில் எழுதிய சிறு நூலில் பதிவு செய்திருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர் அந்த முயலையும் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். முயல் வந்து முட்டையிடுவதற்காகக் குழந்தைகள் தங்கள் தொப்பிகளில் அமைத்து வைத்த கூடுகளே காலப்போக்கில் இன்றைய கூடைகளாயின என்பர்.

அக்காலத்துச் சாயங்கள் அடுப்பங்கரையிலிருந்தே வந்தன. வெங்காயச் சருகைக் கொதிக்கவைத்தால் பழுப்புச் சிவப்பு கிடைத்தது. சிவப்பு முட்டைக்கோஸிலிருந்து நீலம் கிடைத்தது. 1880-களில், நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவர்க் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த வில்லியம் டவுன்லி என்பவர், சாயத்தை மாத்திரையாக்கிப் பொட்டலம் ஐந்து சென்ட்டுக்கு விற்கத் தொடங்கியபோது இந்த வேலை எளிதாயிற்று. அவர் விற்பனைக்குக் கொணர்ந்த 'பாஸ்' என்ற பெயர் இன்றும் அமெரிக்கக் கடைகளில் ஈஸ்டர் சமயத்தில் தலைகாட்டுகிறது. மாத்திரை வந்த பிறகும் வினிகர் மட்டும் விலகவில்லை.

பெற்றோர்கள் சொல்லும் வழக்கமான பதிலை இனிக் கவனிப்போம். முட்டையோடு என்பது நூற்றுக்குச் சுமார் 95 பங்கு கால்சியம் கார்பனேட். அதாவது, சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் எந்தப் பதார்த்தத்தால் ஆனவையோ அதே பதார்த்தம். சுண்ணாம்புக்கல்லின்மேல் அமிலம் பட்டால் கல் கரைந்து கரியமில வாயு நுரைத்து வெளிப்படும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிந்தது. வினிகர் கலந்த சாயநீரில் முட்டையை விட்டதும் அதன்மேல் பொடிப் பொடியான குமிழிகள் முளைப்பதைக் கண்ணாலேயே காணலாம்; ஆகவே, அமிலம் ஓட்டை அரித்துச் சொரசொரப்பாக்குகிறது, சொரசொரப்பான இடத்தில் சாயம் தங்கிக்கொள்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குமிழி பிரத்தியட்சம்; அரிப்பும் உண்மை; ஆனால் அரிப்பினால்தான் சாயம் பிடிக்கிறது என்பது அனுமானம் மட்டுமே.

அந்த அனுமானம் சரியாயின், அரிப்பு மிக மிக நிறமும் மிக வேண்டும். நடப்பதோ வேறு. வினிகரை அளவுக்கு மீறி ஊற்றினாலும், முட்டையை மிக நேரம் ஊறவிட்டாலும், ஏறிய வர்ணமே ஓட்டின் மேற்பரப்போடு கழன்று திட்டுத் திட்டாக உதிர்கிறது. நீர் கலவாத வினிகரில் ஓரிரு நாள் போட்டுவைத்தால் ஓடு முழுவதும் கரைந்து, உட்சவ்வு மட்டும் போர்த்திய மெத்தென்ற முட்டையொன்று மிஞ்சும். அதில் சாயம் தங்குவதற்கு ஓடே இல்லை. கிழக்கு ஜெர்மனியின் லௌசிட்ஸ் பிரதேசத்தில் வாழும் ஸோர்பியர் என்ற சிறுபான்மை இனத்தார் இந்த உண்மையை நெடுங்காலமாக ஒரு கலையாகவே பயன்படுத்தி வருகிறார்கள்: முட்டைக்கு முழுமையாகச் சாயமேற்றிவிட்டு, கடுமையான அமிலத்தைப் பேனா முனையில் தொட்டு எழுத, எழுதிய இடமெல்லாம் சாயம் நீங்கி வெள்ளைக் கோலம் தோன்றுகிறது. அமிலத்தின் அரிக்கும் குணம் சாயத்துக்கு நட்பன்று, பகை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை. ஆகவே வினிகர் செய்யும் உதவி, அதன் அரிப்பை மீறி, வேறொரு வழியில் வரவேண்டும்.

அந்த வழியைக் காண்பதற்கு ஓட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள அந்தச் சுண்ணாம்புச் சுவரில், உள்ளேயிருக்கும் குஞ்சு சுவாசிப்பதற்கென ஆயிரக்கணக்கான நுண்துளைகள் ஊடுருவிச் செல்லுகின்றன. காற்று புகும் வழியில் கிருமியும் புகக்கூடும் அல்லவா? அதைத் தடுப்பதற்காகக் கோழி, முட்டை வெளிவருவதற்கு முந்தைய ஓரிரு மணி நேரத்தில், ஓட்டின்மேல் ஒரு மெல்லிய பூச்சைப் பூசி அனுப்புகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடச் சில இடங்களில் தேறாத இந்தப் பூச்சை நாம் புறப்படலம் என்று அழைக்கலாம். புறப்படலம் சுண்ணாம்பு அன்று; அதில் மிகப் பெரும்பகுதி புரதம். சாயநீரில் மூழ்கும் முட்டையின் எந்தப் பாகம் முதலில் சாயத்தைச் சந்திக்கிறதென்றால், கல் அல்ல, கல்லின்மேல் போர்த்திய இந்தப் புரதமே. நாம் கல்லுக்குச் சாயம் போடுவதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் ஒரு மென்மையான உயிர்ப்பொருளுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

மறுபக்கத்தில் சாயம் எப்படிப்பட்டது? 1856-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், பதினெட்டு வயது நிரம்பிய வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்ற மாணவன், கிழக்கு லண்டனிலிருந்த தன் வீட்டுப் பரிசோதனைச் சாலையில் மலேரியாவுக்கு மருந்தாகிய குயினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்றான். மருந்து கிடைக்கவில்லை, ஜாடியைக் கழுவும்போது அருமையான ஊதா நிறம் கிடைத்தது. ஈஸ்டர் முட்டையின் செயற்கைச் சாயங்களுக்கெல்லாம் மூதாதையான அச்சாயம் ஓர் ஈஸ்டர் விடுமுறையிலேயே பிறந்தது தற்செயல்தான். ஆயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெர்க்கினின் ஊதா பட்டில் உடனே பற்றியது. பருத்தியிலோ, இடையில் டானின் போன்றதொரு பற்றுப்பொருளைச் சேர்த்தாலன்றிப் பற்ற மறுத்தது. இந்தப் பட்சபாதத்தை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் பயன்படும்.

பெர்க்கினுக்குப் பின் சில ஆண்டுகளில், நீரில் கரையாத சாயங்களைக் கந்தக அமிலத்தோடு வினைபுரியச் செய்து கரையச் செய்யும் யுக்தி கைவந்தது. 1862-இல் எட்வர்ட் நிக்கல்சன் ஒரு நீலச் சாயத்தில் இதைச் செய்து காட்டினார். அவ்வாறு வினைபுரிந்த சாய மூலக்கூறில் 'சல்போனேட்' என்ற அணுத்தொகுதி ஒட்டிக்கொள்கிறது. தண்ணீரில் அத்தொகுதி எதிர் மின்னேற்றம் தாங்கி நிற்கிறது. மின்னேற்றம் தாங்கிய அணுவுக்கோ அணுத்தொகுதிக்கோ அயனி என்று பெயர். இன்று முட்டைக்கும் மிட்டாய்க்கும் குளிர்பானத்துக்கும் வர்ணமூட்டுகிற சாயங்களிற் பெரும்பாலானவை, மஞ்சளுக்கு டார்ட்ரசீன், சிவப்புக்கு அலூரா ரெட், நீலத்துக்கு பிரில்லியண்ட் புளூ என எதை எடுத்தாலும், இந்த ஜாதியைச் சேர்ந்த எதிர்மின் அயனிகளே. இந்தியக் கடைகளில் விற்கும் மஞ்சள் உணவு வர்ணத்திலும் டார்ட்ரசீன் உண்டு.

ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும், மாறுபட்டவை ஈர்க்கும் என்ற விதியை நாம் அறிவோம். சாயம் எதிர் மின்னேற்றமுடையது என்றால், அது முட்டையின் புரதத்தோடு சேர, புரதம் நேர் மின்னேற்றம் பூண்டிருக்கவேண்டும். புரதத்தின் மின்னேற்றமோ, சாயத்தினுடையதைப்போல் நிலையானதன்று. அது தன்னைச் சூழ்ந்திருக்கும் நீரின் புளிப்பைப் பொறுத்து மாறக்கூடியது. இந்த இடம்தான் விஷயத்தின் உயிர்நிலை. ஆகையால் இதை நிதானமாகப் பார்க்கவேண்டும்.

புரதத்தை ஒரு கதம்ப மாலையாகப் பாவித்துக்கொள்ளலாம். மல்லிகை, கனகாம்பரம், மரு, தவனம் என்று பலவகைப் பூவும் பச்சையும் மாறி மாறித் தொடுத்த கதம்பத்தைப்போல, அமினோ அமிலங்கள் என்ற இருபது வகைச் சிறு மூலக்கூறுகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் தொடுக்கப்பட்டு நீண்டு கிடப்பதே புரதம். இவ்விருபதில் பெரும்பாலானவை மின்சார விஷயத்தில் நிர்விசாரமானவை. லைசின், ஆர்ஜினைன் போன்ற சில பூக்கள், சாதாரண நீரில் ஒரு ஹைட்ரஜன் அயனியை இழுத்துவைத்துக்கொண்டு நேர் மின்னேற்றத்தோடு இருப்பவை. ஆஸ்பார்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம் என்ற வேறு சில பூக்கள், தம்மிடமிருந்த ஹைட்ரஜன் அயனியை நீரில் விட்டுவிட்டு எதிர் மின்னேற்றத்தோடு இருப்பவை. ஆகவே மாலை ஒன்று, அதில் இருவகை மின்னேற்றங்களும் கலந்து கிடக்கின்றன. எவ்வகை மிகுதியோ அதுவே மாலையின் மொத்த மின்னேற்றம்.

அமிலம் என்பது வேறொன்றுமில்லை, ஹைட்ரஜன் அயனிகளைத் தாராளமாக நீரில் உதிர்க்கும் பொருள். வெறுந் தண்ணீரில் முட்டையை வைத்தால், ஓட்டின் சுண்ணாம்பு சிறிது கரைந்து அருகிலுள்ள நீரைக் காரத்தன்மை உடையதாக்குகிறது. காரநீரில் ஹைட்ரஜன் அயனிகள் அரிது. ஆகவே விட்டுக்கொடுத்த பூக்கள் விட்டுக்கொடுத்தபடியே எதிர் மின்னேற்றத்தோடு நிற்க, அவை எதிர்மின் சாயத்தை அண்டவிடாமல் துரத்துகின்றன. வினிகரை ஊற்றியதும் நீரில் ஹைட்ரஜன் அயனிகள் பெருகுகின்றன. எதிர் மின்னேற்றம் பூண்டிருந்த பூக்கள் அவற்றை ஏற்றுக்கொண்டு மின்னேற்றமற்றவை ஆகின்றன. காரத்தில் அயனியை இழந்திருந்த லைசின் பூக்களும் தம் பங்கை மீட்டுக்கொள்கின்றன. மாலையில் எஞ்சுவது நேர் மின்னேற்றம் மட்டுமே. துரத்துவார் அடங்கி, அழைப்பார் மட்டும் நிற்கும் அந்நிலையில் சாய அயனி வந்து பற்றுகிறது. பற்றியபின் அவ்விரண்டின் தட்டையான பாகங்கள் நெருங்கி உறவாடும் வேறு மெல்லிய கவர்ச்சிகளும் சேர்ந்துகொள்வதால், முட்டையைத் தண்ணீரில் அலசினாலும் சாயம் எளிதில் போவதில்லை.

அமிலம் வந்ததால்தான் அமினோத் தொகுதிகளுக்கு நேர் மின்னேற்றமே வந்தது என்று எழுதுவோரும் உண்டு. அது அவ்வளவு துல்லியமன்று. நடுநிலை நீரிலேயே லைசின் நேர் மின்னேற்றத்தோடுதான் இருக்கிறது. வினிகரின் பெரும்பணி, நேர்மின்னைப் புதிதாகப் படைப்பதைவிட, எதிர்மின்னை அடக்குவதிலேயே இருக்கிறது. சிறு வித்தியாசம்தான், ஆனால் விளக்கம் என்று ஒன்று சொல்லப் புகுந்தபின் சரியாகவே சொல்லிவிடுவது நல்லது.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சங்கதி. இப்படித்தான் நடக்கிறது என்று எப்படித் தெரிந்தது? கேம்பிரிட்ஜில் ஆராய்ந்துகொண்டிருந்த வில்லியம் பேட் ஹார்டி என்பவர் 1899-இல் செய்த பரிசோதனையே இதற்கு அஸ்திவாரம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் முட்டையின் வெள்ளைக் கருவே என்பது நமக்கு இன்னும் உவப்பு. வெள்ளைக் கருவை நீரில் நன்கு கலக்கி வடிகட்டிக் கொதிக்கவைத்தால், அதிலுள்ள புரதம் கட்டியாகித் தங்கிவிடாமல், பால்போல் மங்கலாக, மிக நுண்ணிய துகள்களாக மிதக்கும். அந்நீரில் மின்கலத்தின் இரு முனைகளையும் நுழைத்து, துகள்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று ஹார்டி கவனித்தார். நீரில் சிறிது காரம் இருந்தபோது துகள்கள் நேர்முனையை நோக்கிச் சென்றன. ஆகவே அவை எதிர் மின்னேற்றமுடையவை. காரத்தை நீக்கிச் சிறிது அமிலம் சேர்த்ததும் அதே துகள்கள் திசை திரும்பி எதிர்முனையை நோக்கி நகர்ந்தன. புரதம் மாறவில்லை, மின்கலம் மாறவில்லை. மாறியது நீரின் புளிப்பு ஒன்றே. இடைப்பட்ட ஒரு குறிப்பிட்ட புளிப்பில் துகள்கள் எப்பக்கமும் செல்லாமல் நின்றுவிட்டதையும், அந்த நிலையில் அவை ஒன்றோடொன்று ஒட்டி எளிதில் திரிந்துவிட்டதையும் அவர் கண்டார். நேரும் எதிரும் சமமாகிவிடும் அந்நிலையைச் சமமின் நிலை என்று தமிழில் சொல்லலாம். சமமின் நிலைக்கு அப்பால், புளிப்பின் பக்கமாகப் புரதத்தைத் தள்ளிவிடுவதே ஒரு கரண்டி வினிகரின் வேலை. மின்புலத்தில் புரதங்கள் நகரும் வேகத்தை அளந்து அவற்றைப் பிரித்தறியும் முறையைச் செம்மைப்படுத்திய சுவீடன் தேசத்து ஆர்னே டிசேலியஸ், 1948-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். ரத்தப் பரிசோதனைச் சாலைகள் இன்றளவும் இந்தத் தத்துவத்தைக் கையாளுகின்றன.

ஹார்டியின் பரிசோதனை பொதுவாகப் புரதத்தைப் பற்றியது. முட்டையோட்டில் சாயம் பற்றுவது புரதத்தைத்தான், சுண்ணாம்பை அல்ல என்பதற்கும் சான்று வேண்டும் அல்லவா? அது கோழி வளர்ப்பு விஞ்ஞானத்திலிருந்து வருகிறது. புறப்படலம் நன்றாக அமைந்த முட்டையில் கிருமி எளிதில் நுழையாது என்பதால், அதை நன்கு பூசும் கோழிகளைத் தெரிந்தெடுத்து வளர்க்க ஆராய்ச்சியாளர்கள் விரும்புகிறார்கள். ஆனால் அவ்வளவு மெல்லிய படலத்தை ஆயிரக்கணக்கான முட்டைகளில் எப்படி அளப்பது? ஸ்காட்லாந்திலுள்ள ரோஸ்லின் ஆய்வு நிலையத்தார் முதலியோர் கையாளும் வழி மிக எளியது: முட்டைக்குச் சாயம் போடுகிறார்கள். டார்ட்ரசீனும் லிஸமீன் கிரீன் என்ற பச்சைச் சாயமும் கலந்த நீரில் முட்டையைச் சிறிது நேரம் முக்கி எடுத்துக் கழுவி, நனைப்பதற்கு முன்னும் பின்னும் ஓட்டிலிருந்து திரும்பும் ஒளியைக் கருவியால் அளக்கிறார்கள். படலம் நிறைந்த முட்டை அழுத்தமான பச்சையாகிறது. ரசாயனத்தால் படலத்தை அகற்றிய முட்டையோ ஏறக்குறைய நிறமேறாமலே வந்துவிடுகிறது. பென்சில்வேனியாவின் சமையலறை மேஜையில் விளையாட்டாக நடப்பதும், ஸ்காட்லாந்தின் பரிசோதனைச் சாலையில் அளவுகோலாகப் பயன்படுவதும் ஒரே காரியம்.

அமெரிக்கக் கடைகளுக்கு வரும் முட்டைகள் பெரும்பாலும் கழுவப்பட்டவை; ஐரோப்பிய ஒன்றியத்திலோ முதல்தர முட்டைகளைக் கழுவவே கூடாது என்பது சட்டம். ஒருபக்கம் அழுக்கு போகட்டும் என்ற கவலை, மறுபக்கம் படலம் போய்விடக்கூடாதே என்ற கவலை, இரண்டும் நியாயமானவையே. கழுவிய முட்டையிலும் படலம் அடியோடு போய்விடுவதில்லை. தவிரவும், சுண்ணாம்புக்குள்ளேயே ஒரு சிறு பங்கு புரதம் வலைப்பின்னலாக ஓடுவதால், சாயத்துக்கு அங்கும் சிறிது இடம் கிடைக்கிறது. ஆயினும் வர்ணம் நன்றாகப் பிடிக்கவேண்டுமென்று முட்டையை நாரிட்டுத் தேய்ப்பவர்கள், தம் நோக்கத்துக்குத் தாமே இடையூறு செய்துகொள்கிறார்கள் என்பது தெளிவு.

வீட்டிலேயே செய்யத்தக்க மற்றொரு சோதனை உண்டு. முட்டைகளை எடுத்தபின் கோப்பையில் மீந்த சாயநீரில், ஒரு வெள்ளைக் கம்பளி நூலையும் ஒரு வெள்ளைப் பருத்தி நூலையும் சேர்த்துப் போட்டு, சிறிது சூடாக்கி ஆறவிட்டு அலச வேண்டும். கம்பளி பளிச்சென்று நிறமேறி வரும். பருத்தி ஏறக்குறைய வெள்ளையாகவே வெளிவரும். கம்பளி, ஆட்டின் ரோமம், அதாவது புரதம், பட்டும் அப்படியே, பருத்தியோ செல்லுலோஸ் என்ற தாவரப் பொருள், அதில் சாயத்தை அழைக்கும் நேர்மின் பூக்கள் இல்லை. நூல் நூற்று விற்கும் அமெரிக்கப் பெண்கள் பலர், ஈஸ்டர் முடிந்ததும் மலிவாகத் தள்ளப்படும் முட்டைச் சாயங்களை வாங்கிவைத்துக் கம்பளிக்குப் போடுவது இந்தக் காரணத்தால்தான். பட்டுக்குச் சாயமிடும் நம் ஊர்த் தொழிலாளிகள் சாயத்தொட்டியில் அமிலம் சேர்ப்பதும் இதே நியாயத்தின்படிதான். பெர்க்கினின் ஊதா பட்டை விரும்பிப் பருத்தியை வெறுத்ததற்கும் பட்டு புரதமாக இருப்பதே காரணம். ஆனால் ஒரு வேறுபாடு: அவனுடைய சாயம் நேர் மின்னேற்றமுடையது, அது மாலையின் எதிர்மின் பூக்களைத் தேடிப் பற்றியது. ஒரே கதம்பம், வெவ்வேறு விருந்தாளிகளுக்கு வெவ்வேறு பூ.

இனி, சிவப்பு முட்டைக்கோஸ் சமாசாரம். அதன் சாற்றிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி, புளிப்பில் இளஞ்சிவப்பாகவும் நடுநிலையில் ஊதாவாகவும் காரத்தில் நீலமும் பச்சையுமாகவும் மாறுவது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து ஆரத்தி நீர் சிவப்பதும் இவ்வகை மாற்றமே. வினிகர் சேர்த்த முட்டைக்கோஸ் சாறு கோப்பையில் ரோஜா நிறமாக இருக்க, அதில் சில மணி நேரம் ஊறிய வெள்ளை முட்டையை வெளியே எடுத்தால் அது நீலமாக இருக்கிறது! குழந்தைகளுக்கு இது மாயவித்தை. உண்மையில், திரவம் புளிப்பாக இருந்தாலும், ஓட்டை ஒட்டிய மிக மெல்லிய இடத்தில் சுண்ணாம்பு ஓயாமல் கரைந்து புளிப்பை முறித்துக்கொண்டே இருக்கிறது என்பதை அந்த நீலம் பறைசாற்றுகிறது. முன்னே கண்ட குமிழிகளின் அர்த்தமும் இப்போது விளங்கும்: அவை, வினிகர் உழைப்பதன் அடையாளமல்ல, வினிகர் செலவாவதன் அடையாளம். புரதத்தை நேர்மின் நிலையில் வைத்திருக்கவேண்டிய அமிலத்தை ஓடு தின்றுகொண்டே இருக்கிறது. ஆகவேதான் ஒரு சொட்டு போதாமல் ஒரு கரண்டி வேண்டியிருக்கிறது, முட்டைகள் பல நனைந்தபின் கோப்பையில் மறுபடி சிறிது வினிகர் ஊற்ற நேர்கிறது.

எல்லாச் சாயங்களும் இவ்விதிக்கு அடங்குமா என்று சந்தேகிப்பது இயல்பே. எரித்ரோசின் என்ற இளஞ்சிவப்புச் சாயம் அடங்குவதில்லை. அடங்காத விதமே விதியின் உண்மையைக் காட்டுகிறது. அதில் சல்போனேட் இல்லை. அது எதிர் மின்னேற்றம் பெறுவது, புரதத்தின் எதிர்மின் பூக்களில் உள்ளதைப் போன்ற பலவீனமான அமிலத் தொகுதிகளால். வினிகர் ஊற்றினால், அதே ஹைட்ரஜன் அயனிகள் சாயத்தின் மின்னேற்றத்தையும் சேர்த்து அடக்கிவிடுகின்றன. மின்னேற்றம் இழந்த சாயம் நீரில் கரைந்திருக்கும் ஆற்றலையும் இழந்து அடியில் வண்டலாகத் தங்குகிறது. மற்றச் சாயங்களுக்கு உயிர் கொடுக்கும் கரண்டி இதற்கு மட்டும் பாதகம். அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, வேறு காரணத்தால், 2025 ஜனவரியில் உணவில் எரித்ரோசினுக்கு இருந்த அனுமதியை ரத்து செய்துவிட்டதால், இந்தச் சிக்கல் அங்குள்ள சமையலறைகளிலிருந்து நாளடைவில் மறையும்.

கூடையிலுள்ள முட்டைகள் தின்று தீர்ந்துவிடும். படுக்கையறையில் தொங்கும் ஓடுகளுக்குத்தான் வேறொரு சத்துரு உண்டு. அது சூரிய ஒளி. டார்ட்ரசீன், அலூரா ரெட் போன்ற சாயங்களின் நிறத்துக்குக் காரணம், இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இணைந்த பாலம் ஒன்று மூலக்கூறின் இருபுறத்தையும் ஒன்றாக்கி, எலெக்ட்ரான்கள் தாராளமாக உலவ இடம் தருவதுதான். வெளிச்சமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து அந்தப் பாலத்தைத் தாக்கி உடைத்துவிட்டால், சாயம் புரதத்தை விட்டு நீங்காமலே நிறத்தை மட்டும் இழந்துவிடுகிறது. ஒருநாள் நிறத்தோடு இருந்தால் போதுமென்று உணவுக்காகத் தேர்ந்தெடுத்த சாயங்கள், திரைச்சீலைக்குப் போடும் சாயங்களைப்போல் வெயிலைத் தாங்குவனவல்ல. மெழுகால் கோலமிட்டு முட்டைக்குப் பலமுறை சாயமேற்றும் உக்ரேனியர், தலைமுறை தலைமுறையாகக் காக்கும் தங்கள் பிசாங்கா முட்டைகளை வெயில் படும் இடத்தில் வைப்பதில்லை. குழந்தையின் அறையிலும், சன்னலின் குறுக்கே கட்டிய நூலைவிட, அதற்கு எதிர்ச்சுவரின் நிழல் மூலையில் வைத்த கிளையே அதிக நாள் வர்ணத்தோடு நிற்கும். சன்னலில்தான் தொங்கவேண்டும் என்று குழந்தை பிடிவாதம் பிடித்தால் பச்சை நிற முட்டையின்மேல் ஒரு கண் வைத்திருக்கலாம். கடைப் பச்சை பெரும்பாலும் மஞ்சளும் நீலமும் கலந்தது, இரண்டும் ஒரே வேகத்தில் அழிவதில்லை. ஆகவே கோடை வருவதற்குள் அது எந்தச் சாயம் உறுதியானதோ அந்தப் பக்கமாக நிறம் சாய்ந்திருக்கும்.